இல்லத்து ஓவியமும் உள்ளத்துத் துயரும்

ஓவியத்திற்குரிய பொருள் யாது என வினவின், மேனாட்டுக் கலைக்கழகங்கள் நெடுங்காலம் கூறிவந்த விடை ஒன்றுண்டு. தெய்வ வரலாறும், வேந்தர் போரும், பழங்காப்பியத் தலைவர் செய்கையும் தலையாய பொருள் என்றும், அடுக்களையும் படுக்கையறையும் முற்றமும் கடையாய பொருள் என்றும் அவை வரிசை வகுத்திருந்தன. 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து தேசத்து ஓவியர் சிலர் இவ்வரிசையைப் பொருட்படுத்தாது, பால் வார்க்கும் பணிப்பெண்ணையும், கழுவித் துடைத்த தரையையும், சாளரத்தின் வழியே வீழும் காலையொளியையும் வரைந்து புகழெய்தினர். வெர்மீர் என்பாரும் பீட்டர் தே ஹோக் என்பாரும் அவருள் முதல்வர். அவர் காட்டிய இல்லங்கள் பெரும்பாலும் அமைதி குடிகொண்டவை. வாயிற்படியில் நிற்கும் குழவியும் கூடத்தில் உலரும் துணியும் நம் உள்ளத்தைக் குளிர்விப்பன. 200 ஆண்டுகள் கழிந்தபின், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, அதே அறையும் மேசையும் சாளரமும் வேறொரு தொழிலுக்கு வரலாயின. நிகழ்ந்துவிட்ட கொடுமையொன்றை, அன்றி வீட்டார் வாய்திறந்து கூறாத துயரொன்றை, அறையின் தோற்றத்தாலேயே உணர்த்த ஓவியர் பலர் முயன்றனர்.

இம்முயற்சியின் அருமையைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். கதை எழுதுவோன் நேற்று நிகழ்ந்ததை ஒரு வாக்கியத்தாற் கூறிவிடுவான். நாடகம் எழுதுவோன் பாத்திரத்தின் வாயிலாக அதனை அழுகையோடு வெளிப்படுத்துவான். ஓவியனுக்கோ இறந்தகால வினைமுற்று என ஒன்று இல்லை. அவன் தீட்டுவதெல்லாம் நிகழ்காலமே. அதுவும் ஒரு கணத்தின் புறத்தோற்றம் மட்டுமே. இக்கருவி ஒன்றைக்கொண்டு முன்நிகழ்ச்சியையும் மனத்தின் மறைவையும் எங்ஙனம் காட்டினர் என்பதை ஓவியங்கள் சிலவற்றால் ஆராயப் புகுகின்றேன். இவற்றின் அச்சுப்படிகள் நூல்களில் எளிதிற் கிடைப்பவை. ஆதலின் படிப்போர் ஒவ்வொன்றையும் கண்முன் வைத்துக்கொண்டு இதனைப் படிப்பாராயின் நலம்.

நம்மவருட் பலர் சிறுவயது முதல் அறிந்த படம் ஒன்றினின்றே தொடங்கலாம். கிறிஸ்துநாதர் கையில் விளக்கேந்தி, கொடிபடர்ந்து துருவேறிக் கிடக்கும் கதவைத் தட்டி நிற்கும் காட்சியைக் காணாத கிறிஸ்தவ இல்லத்தார் சிலரே. அதனைத் தீட்டியவர் ஆங்கில ஓவியராகிய ஹோல்மன் ஹண்ட். ‘உலகத்தின் ஒளி’ எனப் பெயர்பெற்ற அப்படத்தின் முதற்படி ஆக்ஸ்போர்டு நகரத்துக் கீபிள் கல்லூரியில் உள்ளது. அக்கதவிற்கு வெளிப்புறத்தே பிடியில்லை என்பதும், உள்ளிருப்போரே திறத்தல் வேண்டும் என்பதும் போதகர் பலர் எடுத்துக்காட்டும் செய்தி. ஆயின் ஹண்ட் இதற்கு இணையாகவே மற்றொரு படமும் தீட்டினார் என்பதைப் பலர் அறியார். அதன் பெயர் ‘விழித்தெழும் மனச்சாட்சி’. இரண்டும் 1854-ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் அகாடமியிற் காட்சிக்கு வைக்கப்பெற்றன. முன்னது கதவின் வெளிப்புறம். பின்னதனை அக்கதவின் உட்புறம் என்றே கூறிவிடலாம்.

உட்புறம் யாது? புதுப்பணத்தால் நிரப்பப்பட்ட ஒரு வரவேற்பறை. பியானோவின் முன் அமர்ந்த செல்வன் ஒருவன் நகைத்துக்கொண்டே வாசிக்கின்றான். அவன் மடியினின்றும் ஒரு பெண் திடுமென எழுகின்றாள். அவள் கண்கள் அறையைக் கடந்து, வெளியே தோட்டத்தின்மீது செல்கின்றன. தோட்டம் நம் பின்னே இருத்தலின் அதனை நாம் நேரே காண்பதில்லை. அவள் பின்னுள்ள பெரிய நிலைக்கண்ணாடியில் அதன் நிழலைக் காண்கின்றோம். அவள் விரல்களிலெல்லாம் மோதிரங்கள் உள. மணமோதிரம் அணியும் விரல் ஒன்றே வெறுமையாக உளது. மேசையின்கீழ்ப் பூனையொன்று பறவையைப் பற்றி விளையாடுகின்றது. கழற்றி எறியப்பட்ட கையுறை ஒன்று தரையிற் கிடக்கின்றது. அவள் மனையாளாக அவ்வில்லத்தில் வாழவில்லை. வைக்கப்பட்டிருக்கின்றாள் என்பதை இவையெல்லாம் கூறுகின்றன. அறிஞர் ரஸ்கின் 1854 மே மாதத்தில் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், அவ்வறையின் மரச்சாமான்களது புதுமையே கொடுமையாக இருக்கின்றதென்றும், பழகிய வீட்டின் தேய்வு எதிலும் காணப்படவில்லையென்றும் சுட்டினார். அவள் ஆடையின் ஓரத்து நூல்கூட, விரைவில் தெருப்புழுதியில் அழுக்கேறப் போவதை உணர்த்தும் என்பது அவர் கருத்து. படத்தை வாங்கிய செல்வர், அப்பெண்ணின் முகத்திற் கண்ட துயரத்தைத் தம் வீட்டில் நாள்தோறும் பார்க்க இயலாது, அதனை மாற்றித் தருமாறு வேண்ட, ஹண்ட் மாற்றித் தந்தார். இன்று நாம் காண்பது அந்த மாற்றிய முகமே.

இதனோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கவை ஆகஸ்டஸ் எக் என்பார் 1858-இல் காட்சிக்கு வைத்த மூன்று படங்கள். இக்காலத்து அவற்றை ‘இறந்ததும் நிகழ்வதும்’ என்னும் பொருள்பட்ட ஆங்கிலப் பெயரால் வழங்குவர். முதற்படத்திற் கணவன் மனைவியின் பிழையைக் காட்டும் கடிதமொன்றைக் கையிற் கசக்கி வைத்திருக்கின்றான். மனைவி தரையில் வீழ்ந்து கிடக்கின்றாள். மகளிர் இருவர் சீட்டுகளால் வீடு கட்ட, அது சரிகின்றது. இரண்டாகப் பிளந்த ஆப்பிள் பழத்தின் ஒரு பாதி கத்தி பாய்ந்து மேசைமீதும், மறுபாதி தரையிலும் உளது. சுவரில் ஆதாமும் ஏவாளும் ஏதேனினின்றும் துரத்தப்படும் படம் தொங்குகின்றது. கண்ணாடியிலோ திறந்த கதவு தெரிகின்றது. அவள் போகவேண்டிய வழி அது.

இப்படங்களை நான் இகழ்கின்றேனல்லேன். கற்றோர் நெஞ்சை உலுக்க வேண்டும் என்னும் அறநோக்கம் அவற்றிற்கு இருந்தது. எனினும் அவ்வறைகளில் ஒரு நாற்காலியேனும் வாளா இருப்பதில்லை. பூனை சாட்சி கூறுகின்றது. பழம் சாட்சி கூறுகின்றது. கையுறை சாட்சி கூறுகின்றது. இல்லம் நீதிமன்றமாகி, தரையிற் கிடக்கும் பெண் ஒருத்தியே குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றாள். எக் வரைந்த மூன்றனுள் என் உள்ளத்தைக் கவர்ந்தது இரண்டாவது. ஐந்தாண்டுகட்குப் பின், தந்தையும் இறந்தபின், மகளிர் இருவர் எளியதோர் அறையில் இரவில் அமர்ந்திருக்கின்றனர். இளையவள் மூத்தவள் மடியிற் சாய்ந்துள்ளாள். மூத்தவள் சாளரத்தின் வழியே நிலவை நோக்குகின்றாள். அதே இரவில், அதே நிலவை, தேம்ஸ் ஆற்றங்கரை வளைவொன்றின் கீழிருந்து தாய் நோக்குவதை மூன்றாம் படம் காட்டும். முதற்படத்தின் சுவரில் இருந்த பெற்றோர் உருவப்படங்கள் இச்சிறு அறையிலும் தொங்குகின்றன. தந்தையின் சினத்தைத் தாங்கிய வீட்டினின்றும் தாயின் படத்தையும் உடன் எடுத்துவந்த கைகள் யாருடையவை? இவ்வினாவை ஓவியர் எழுப்பவில்லை, சுவர் எழுப்புகின்றது. கூச்சலிட்ட பொருள்களெல்லாம் அடங்கியபின் இவ்விரண்டு சிறு படங்கள் பேசத் தொடங்குகின்றன.

இங்ஙனம் அடங்கிப் பேசும் முறையை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் பாரிஸ் நகரத்து டெகா. ஆடல் மகளிரையும் குதிரைப் பந்தயத்தையும் தீட்டியவராகவே அவரைப் பலர் அறிவர். 1868, 1869-ஆம் ஆண்டுகளில் அவர் தீட்டிய ‘அறையகம்’ என்னும் படம் இன்று அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரத்துச் சித்திரசாலையில் உள்ளது. இரவு நேரம். பூவேலைத் தாள் ஒட்டிய சுவர்களையுடைய ஒரு படுக்கையறை. நடுவே சிறு வட்டமேசை. அதன்மேல் விளக்கும், திறந்த தையற்பெட்டியும். பெட்டியின் உட்புறத்து இளஞ்சிவப்புத் துணியின்மேல் விளக்கொளி முழுதும் வீழ்கின்றது. வலப்புறத்தே ஆடவன் ஒருவன் கால்களை அகற்றி, கைகளைச் சட்டைப்பையில் இட்டு, மூடிய கதவின்மேற் சாய்ந்து நிற்கின்றான். அவன் நிழல் பின்னே பெரிதாக எழுந்து கதவை மறைக்கின்றது. இடப்புறத்தே மெல்லிய வெள்ளை உள்ளாடை தோளினின்றும் நழுவ, பெண் ஒருத்தி அவனுக்குப் புறங்காட்டிக் குறுகியிருக்கின்றாள். தரையில் அவள் கச்சு கிடக்கின்றது. ஒருவரே படுக்கத்தக்க ஒடுங்கிய கட்டில் ஒன்று விரிப்புக் கலையாது உளது.

நிகழ்ந்தது யாது? டெகா கூறவில்லை. தாம் வாழ்ந்த காலத்து இதனைத் தம் குடும்பக்காட்சிப் படம் என்று மட்டும் குறிப்பிட்டார். பிறர் இதற்கு வன்செயலைக் குறிக்கும் பெயரிட்டு வழங்கினர். 1867-இல் வெளிவந்த எமில் ஜோலாவின் ‘தெரேஸ் ராக்கன்’ என்னும் நாவலில், கணவனைக் கொன்றபின் மணந்துகொண்ட இருவரது முதலிரவே இப்படத்தின் பொருள் என்று ஆராய்ச்சியாளர் சிலர் பின்னர்க் கருதினர். ஒடுங்கிய கட்டில் அக்கதைக்குப் பொருந்தாதென்று மறுப்பாரும் உளர். விடை எதுவாயினும் ஓவியத்தின் ஆற்றல் அதனைச் சார்ந்து நிற்கவில்லை. காண்போர் கண் எங்ஙனம் செல்கின்றதென்று பார்மின். தரைப்பலகைகள் மேல்நோக்கிச் சரிந்து எழுவதால் அறை நம்மை உள்ளே இழுக்கின்றது. இழுத்த கண் இருவரையும் அடையாது, அவர்களுக்கிடையேயுள்ள வெற்றிடத்தில் விளக்கின்மேல் நிற்கின்றது. இருவரும் ஓரங்களில், இருளில் ஒதுங்கிவிடுகின்றனர். ஒரு பெண்ணின் நாள்தோறும் பழகும் எளிய உடைமையாகிய தையற்பெட்டியோ, மூடுவாரின்றி ஒளியில் வாய்திறந்து கிடக்கின்றது. மூடிய கதவு, திறந்த பெட்டி, நடுவே வெளிச்சம், இவ்வளவே. ஹண்டின் பூனையைப்போல இப்பெட்டி உவமை கூறவில்லை. தையல் வேலை இடையில் நின்றது என்று மட்டுமே அது அறிவிக்கின்றது. டெகா இப்படத்தை முப்பது ஆண்டுகட்கு மேலாகத் தம் பணியறையிலேயே வைத்திருந்து, 1905-இல்தான் வெளிப்படுத்தினார் என்பதும் கருதத்தக்கது.

தமிழ் பயில்வோருக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. அகத்திணையில் தலைவி தன் துயரைத் தானே விரித்துரைக்க வேண்டுவதில்லை. நிலத்தின் கருப்பொருள்களாகிய பறவையும் மரமும் நீரும் தத்தம் இயல்பில் நிற்க, கூற்றிற்குப் புறம்பே குறிப்பாய்த் தோன்றும் பொருளை இறைச்சி என்று தொல்காப்பியர் வழங்கினார். அறையினுட் பொருளைக்கொண்டே துயர் உணர்த்தியதற்கு நெடுநல்வாடை தக்க சான்று. நக்கீரர் அரண்மனைப் பள்ளியறையைக் கட்டிலும் மேற்கட்டியுமாக நெடிது வருணிக்கின்றார். அணிகலன் பலவற்றை நீத்த அரசி, செவிலியர் தேற்றவும் தேறாது, மேற்கட்டித் துணியில் தீட்டப்பட்டுள்ள திங்களையும் அதனைப் பிரியாத உரோகிணியையும் நோக்கிப் பெருமூச்செறிகின்றாள். போர்க்களம் சென்ற கணவனைப்பற்றி அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. வீட்டிலுள்ள ஓவியமே வீட்டிலுள்ள குறைவைச் சொல்லிவிடுகின்றது. எக் தீட்டிய நிலவைக் கண்டபோது எனக்கு இவ்வரசியின் நினைவே வந்தது; எனினும் நக்கீரர் திறம் பெரிது. அவர் நிலவை வானத்தில் வையாது கூரைத்துணியில் வைத்தார். சாளரத்தை அடைத்தாலும் மறையாத நிலவு அது.

இதுகாறும் கண்டவை கற்பனையாகப் புனைந்த இல்லங்கள். மெய்யாகவே கொலை நிகழ்ந்த அறையை ஓவியமாக்கலாமோ என்னும் கேள்வியை வால்ட்டர் சிக்கர்ட் என்னும் ஆங்கில ஓவியர் எழுப்பினார். இலண்டன் மாநகரின் வடபால் கேம்டன் டவுன் என்பது அக்காலத்து ஏழைகள் மலிந்த பகுதி. அங்கே வாடகை அறையொன்றில் 1907 செப்டம்பரில் எமிலி டிம்மக் என்னும் இளம்பெண் கழுத்தறுப்புண்டு இறந்தாள். அவளோடு வாழ்ந்த இரயில்வே சமையற்காரர் இரவுப்பணி முடித்துக் காலையிற் திரும்பியபோது அக்காட்சியைக் கண்டார். ஐயத்தின்மேற் பிடிக்கப்பட்ட இளைஞன் டிசம்பரில் விடுவிக்கப்பட்டான். கொலையாளி யாரென்பது துணியப்படவே இல்லை. அப்பகுதியிலேயே அறை வாடகைக்கு எடுத்துப் படம் தீட்டி வந்த சிக்கர்ட், இரும்புக் கட்டிலும் மங்கிய ஒளியும் கொண்ட படங்கள் சிலவற்றிற்குக் கேம்டன் டவுன் கொலை என்று பெயரிட்டார். 1911-இல் அத்தகைய இரண்டைக் காட்சிக்கும் வைத்தார்.

அவற்றுள் ஒன்று இப்போது அமெரிக்க யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சித்திரசாலையில் இருக்கின்றது. கட்டிலில் ஆடையற்ற பெண் ஒருத்தி சுவரை நோக்கித் திரும்பிக் கிடக்கின்றாள். ஆடவன் ஒருவன் கட்டிலின் ஓரத்தில் தலைகவிழ்ந்து, கைகளைக் கோத்து அமர்ந்திருக்கின்றான். குருதி இல்லை, கத்தி இல்லை. இதற்குக் கேம்டன் டவுன் கொலை என்று ஒரு பெயரும், ‘வாடகைக்கு என் செய்வோம்?’ என்று மற்றொரு பெயரும் வழங்குகின்றன. முதற்பெயரோடு பார்ப்பின், அவன் கொலைஞன்; அவள் பிணம். இரண்டாம் பெயரோடு பார்ப்பின், அவன் வேலையிழந்தவன். அவள் அழுது களைத்து உறங்குபவள். தூரிகை ஒரு கோடும் மாற்றவில்லை. நம் மனமே மாறிவிடுகின்றது. வறுமைக்கும் கொலைக்கும் அறை ஒன்றே, கட்டில் ஒன்றே, கவிழ்ந்த தலையும் ஒன்றே. கலை வரவேற்பறையில் வாடும், அடுக்களைப் பின்கட்டில் தழைக்கும் என்னும் கருத்தைச் சிக்கர்ட் 1910-இல் எழுதினார். அவ்வுரையில் உண்மையுண்டு. ஆயினும் இப்பெயரிடும் உத்தியில் என் மனம் முழுதும் ஒப்பவில்லை. டிம்மக் என்பவள் ஒரு கதைமாந்தர் அல்லள். செய்தித்தாள்கள் அவளை இறந்தபின் பலநாள் தின்றன. மக்கள் கூட்டம் கண்காட்சிக்கு வருதற்கு அவள் சாவு ஒரு விளம்பரமாயிற்று என்பதை மறுத்தல் அரிது.

வினை தன் வழியே திரும்பியது எனலாம். 2002-இல் அமெரிக்க நாவலாசிரியை ஒருவர், 1888-இல் இலண்டனைக் கலக்கிய தொடர்கொலைகளைச் செய்தவர் இச்சிக்கர்ட்டே என்று ஒரு பெருநூல் எழுதினார். அவ்வியலில் வல்லோர் பெரும்பாலார் அதனை ஏற்கவில்லை. இருண்ட அறையைத் தீட்டியவன் இருளைச் செய்தவனாக இருத்தல் வேண்டும் என்னும் இவ்வழக்கு, ஓவியத்தைத் துப்பறியும் தாளாகக் கருதுவதால் வரும் பிழை.

சிக்கர்ட் ஏறத்தாழ 1914-இல் தீட்டிய ‘சலிப்பு’ என்னும் படத்தையே நான் மேலாகக் கொள்வேன். முதியவர் ஒருவர் மேசையருகே சுருட்டுப் புகைத்துக்கொண்டு எதையும் நோக்காது அமர்ந்திருக்கின்றார். அவர்க்குப் பின்னே மனைவி, இழுப்பறைப் பெட்டகத்தின்மேற் சாய்ந்து சுவரை வெறித்து நோக்குகின்றாள். பெட்டகத்தின்மேல் கண்ணாடி மூடியினுள் பாடம்செய்த பறவைகள் நிற்கின்றன. வர்ஜீனியா உல்ப் அம்மையார் 1934-இல் சிக்கர்ட்டைப்பற்றி எழுதிய சிறுநூலில் இவ்விருவரது வாழ்வை ஒரு கதையாகவே விரித்தார். இங்கே கொலை எதுவும் நிகழவில்லை; நிகழப்போவதுமில்லை. இருவரும் ஒரே அறையில் ஒருவரையொருவர் காணாது முதுமை எய்திவிட்டனர். பத்திரிகைகள் எழுதாத கொடுமை இது. நம் ஊர்களிலும் விருந்தினர் அமரும் முன்னறையில் எல்லாம் நலமே என்று கூறி, உள்ளறையில் வாய்மூடி ஆண்டுகளைக் கழிக்கும் குடும்பங்கள் இல்லையோ?

பிறர் துயரைத் தீட்டுவதில் உள்ள இடர், தன் வீட்டுத் துயரைத் தீட்டுவோனுக்கு இல்லை என்று எண்ணலாம். அதற்கும் ஓர் அருமை உண்டு என்பதை நார்வே தேசத்து எட்வர்டு மங்க் காட்டுவார். 1863-இற் பிறந்த அவர் ஐந்து வயதில் தாயைக் காசநோய்க்கு இழந்தார். 1877-இல், அவர்க்கு 13 வயதாகும்போது, மூத்த தமக்கை சோபி தன் 15-ஆம் வயதில் அந்நோயாலேயே இறந்தாள். தந்தை மருத்துவர், கடவுட்பற்று மிக்கவர், மருந்தாலும் மன்றாட்டாலும் மகளைக் காக்க இயலவில்லை. ‘நோயுற்ற சிறுமி’ என்னும் படத்தை மங்க் 1885-இல் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆறு முறை மீட்டும் மீட்டும் தீட்டினார். ஒரே பொருளை ஒருவர் இத்தனைமுறை தீட்டுவது அவர்க்கு அது தீரவில்லை என்பதையே காட்டும்.

1893-இல் தீட்டிய ‘நோயறையிற் சாவு’ என்னும் படம் நம் ஆராய்ச்சிக்கு இன்னும் நெருங்கியது. பெரியதோர் அறை, பெரும்பகுதி வெறுந்தரை. வலப்புறத்தே கட்டில், மருந்துக் குப்பிகள் உள்ள சிறுமேசை. கட்டிலருகே நம் பக்கம் முதுகு காட்டிய நாற்காலியொன்று போடப்பட்டுள்ளது. சோபி அதனுள் இருக்கின்றாள். நாம் அவளைக் காண இயலாது. தந்தை கைகூப்பி நிற்கின்றார். சிற்றன்னை நாற்காலியின்மேற் குனிந்துள்ளாள். உடன்பிறந்தார் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசை நோக்கி நிற்க, எவரும் எவரையும் தொடவில்லை. கூர்ந்து காண்போர் மற்றொன்றும் அறிவர்: சோபி இறந்தபோது இவர்களெல்லாம் சிறுவர் சிறுமியர்; படத்திலோ 1893-இல் எவ்வயதினரோ அவ்வயதினராகவே நிற்கின்றனர். 16 ஆண்டுகள் கழிந்தும் அவர்கள் அவ்வறையை விட்டு வெளியேறவில்லை. ஓவியனுக்கு இறந்தகால வினைமுற்று இல்லை என்று முன்னர்க் கூறினேன். அக்குறையையே மங்க் தம் கருவியாக்கிக்கொண்டார். துயரத்தின்கண் அன்றும் இன்றும் ஒன்றாகவே நிற்றலின், இறந்தகாலம் அங்கே வேண்டப்படவில்லை.

இறப்பவள் முகத்தை அவர் மறைத்ததையும் எண்ணுக. பழைய சமய ஓவியங்களில் மரணப்படுக்கை நடுவில் இருக்கும். முகத்தில் விண்ணொளி வீழும். மங்க் அம்முகத்தைத் தாம் பலமுறை தீட்டியவர். தீட்ட அறியாதவர் அல்லர். இங்கே நாற்காலியின் முதுகை நமக்கும் அவளுக்கும் நடுவில் நிறுத்தினார். வீட்டார்க்கு மட்டும் உரிய அந்நாழிகையில் அயலார் வாயிற்படியிலேயே நிற்றல் வேண்டும் என்று அந்நாற்காலி நம்மைத் தடுக்கின்றது. கேம்டன் டவுன் படங்களின்மேல் எனக்குள்ள குறை யாதென்பது இங்கே நின்று பார்க்கும்போது தெளிவாகின்றது. சிக்கர்ட் கதவைத் திறந்து நம்மை உள்ளே விட்டார். மங்க் நம்மை உள்ளே அழைத்தும், காணத்தகாத ஒன்றை மட்டும் காட்ட மறுத்தார்.

இனி, நிகழ்ச்சியென ஒன்றும் இல்லாத அறைக்கு வருவோம். டென்மார்க்கு நாட்டு வில்ஹெல்ம் ஹாமர்ஷோய் 1864-இற் பிறந்து 1916-இல் மறைந்தவர். 1898 முதல் 1909 வரை அவரும் அவர் மனைவி இடாவும் கோபன்ஹேகன் நகரில் ஸ்ட்ராண்ட்கேட் தெருவின் 30-ஆம் எண் வீட்டில், 17-ஆம் நூற்றாண்டிற் கட்டப்பெற்ற பழைய மனையில், குடியிருந்தனர். அவ்வீட்டின் சில அறைகளையே அவர் மீண்டும் மீண்டும் வரைந்தார். மேசை ஒருமுறை இருக்கும், மறுமுறை இராது. இடா வருவாள், பெரும்பாலும் கருநிற உடையில், முதுகு காட்டி, குனிந்த கழுத்து மட்டும் ஒளியில் தெரிய நிற்பாள். அவள் கையில் இருப்பது கடிதமோ, தட்டோ, வேறு யாதோ என்பதும் சிலவற்றில் விளங்குவதில்லை. வண்ணங்களோ மிகச் சில: வெண்மை, சாம்பல், கருமை, மங்கிய பழுப்பு. 1900-இல் தீட்டிய ஒரு படத்தில் ஆளும் இல்லை, பொருளும் இல்லை. வெற்றறையில் சாளரத்தின் வழியே கதிரொளி சாய்ந்து வீழ, அதில் தூசு மிதப்பது மட்டுமே காட்சி.

இவற்றைக் காண்போர் பலர், இவ்வீட்டில் ஏதோ கேடு நிகழ்ந்தது, இடா ஏதோ துயரை மறைக்கின்றாள் என்று உணர்கின்றனர். ஓவியரிடம் 1907-இல் ஒருவர் வினவியபோது, ஓர் இடத்தைத் தாம் தேர்வதற்குக் காரணம் அதன் கோடுகளும் கட்டட அமைப்பும், அவற்றோடு ஒளியுமே என்ற கருத்துப்படக் கூறினார். துயரைப்பற்றி ஒன்றும் கூறவில்லை. அங்ஙனமாயின், அத்துயர் நாம் கொண்டுவந்து வைத்ததோ என்று மறுப்போர் கேட்கலாம். ஒரு பகுதி அங்ஙனமே என்பேன். ஆயினும் வெற்றுச் சுவர் எல்லாவற்றையும் நாம் துயரமாகக் காண்பதில்லை. புதிதாகச் சுண்ணம் பூசிய வகுப்பறை நம்மை அழவைப்பதில்லை. ஹாமர்ஷோய் அறையில் மனிதர் வாழ்ந்ததற்கு அடையாளமான கதவும், பிடியும், கால்தேய்த்த பலகையும் நிற்கின்றன. வாழ்வோர் செய்யும் ஒலியும், இறைத்துப் போடும் பொருளும், முகமும் மட்டும் நீக்கப்பட்டுள்ளன. இழப்பு நேர்ந்த வீட்டில், சாவுக்கு வந்தோரெல்லாம் சென்றபின், மறுநாள் காலையில் அறை இவ்வாறுதான் தோன்றும். பொருள்கள் தம் இடத்தில் உள. அவற்றின் பயன் மட்டும் ஒழிந்துவிட்டது. கோட்டையும் ஒளியையுமே கருதி வரைந்தவர் கையில் இது வந்து அமைந்தது. ஹண்ட் பொருளால் நிறைத்துச் சொன்னதனினும் இவர் பொருளை விலக்கிச் சொல்லாமல் விட்டது மிகுதி.

இவ்வகைப் படங்களைப் பார்க்கத் தொடங்குவோர், கதை யாதென்று வினவுமுன் ஒளி எப்பக்கத்தினின்று வருகின்றது, கதவு எவ்வளவு திறந்துள்ளது, யார் முதுகு நம்மை நோக்குகின்றது என்று காண்பாராக. கதை கிடைத்தவுடன் கண் ஓய்ந்துவிடும். குற்றவாளியைத் தேடுவோன் அறையைக் காண்பதில்லை. டெகாவின் படத்தின்முன் நூறாண்டுக்கு மேலாகப் பெயர் சூட்டிவந்தோர் பலர், அத்தையற்பெட்டியை நின்று நோக்கியிருப்பரோ என்பது ஐயமே.

ஹாமர்ஷோய் 1905-இல் தீட்டிய ‘திறந்த கதவுகள்’ என்னும் படம் கோபன்ஹேகன் நகரத்து டேவிட் தொகுப்பில் உள்ளது. நாற்காலி இல்லை, மேசை இல்லை, இடாவும் இல்லை. முன்னே பழுப்பேறிய மரத்தரை. வெள்ளைக் கதவு ஒன்று நம்மை நோக்கித் திறந்திருக்கின்றது. அதன் வழியே அடுத்த அறையும், அதற்கப்பால் மற்றொரு கதவும், அதற்கும் அப்பால் மங்கிய ஒளியும் தெரிகின்றன. ஒவ்வொரு கதவும் வெவ்வேறு அளவில் திறந்து நிற்கின்றது, ஒருவர் கடந்து சென்று சாத்த மறந்தாற்போல. அவர் உள்ளே சென்றாரோ வெளியே சென்றாரோ என்பதற்குத் தரையில் ஒரு சுவடும் இல்லை.